நாட்குறிப்பும் நம் சரித்திரமும்

சரித்திரம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது ராஜாக்களும் போர்களும்தான். எந்த ராஜா எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தான், எந்தக் கோட்டை எப்போது விழுந்தது என்று மனப்பாடம் செய்கிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அந்த ராஜா காலத்தில் கூலிக்குப் போனவன் எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன சாப்பிட்டான், எதை நினைத்துப் பயந்தான் என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ஏன்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனாலும் அங்கொருவர் இங்கொருவராகச் சிலர் எழுதி வைத்தார்கள். ராஜா கட்டளையிட்டு எழுதியதல்ல; பரிசுக்காக எழுதியதுமல்ல. தாம் பார்த்த வேலையையும், படித்த படிப்பையும், கண்ட புதுமையையும் தம் கையாலேயே குறித்தார்கள். அப்படி எழுதியவர்களைப் பற்றியும், எழுத வழியில்லாமல் மறைந்த நம்மவர்களைப் பற்றியும் இந்தப் பரிசளிப்பு விழா மலரில் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

புதுச்சேரித் துபாஷி

சென்னைக்கு அருகில் பெரம்பூரில் 1709-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. தகப்பனார் திருவேங்கடம் பிள்ளை வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. வெள்ளைக்காரனுக்கும் நம் ஜனங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் பேசி வியாபாரத்தை நடத்துகிறவருக்குத் துபாஷி என்று பெயர். ஆனந்தரங்கப் பிள்ளை 1747-ல் கவர்னர் துய்ப்ளேக்குத் தலைமைத் துபாஷியாக உயர்ந்தார்.

அந்தப் பதவி வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பே அவர் ஒரு காரியம் செய்யத் தொடங்கியிருந்தார். 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் தேதி, தம் 27-ஆவது வயதில், அன்றன்று நடந்ததை ஒரு புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார். இடையிடையே விட்டுப்போன நாட்கள் உண்டு. என்றாலும் 1761 ஜனவரியில் இறக்கும் வரையில், ஏறக்குறைய 25 ஆண்டுக் காலம், அந்தப் பழக்கத்தை அவர் கைவிடவில்லை. அவர் கண்மூடிய சில நாட்களிலேயே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது.

அப்படி என்னதான் எழுதினார்? எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள், சரக்கு என்ன விலைக்குப் போனது, கவர்னர் யார்மேல் கோபித்துக்கொண்டார், ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்பவைதாம். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதும் அதிலே உண்டு. அதே ஆண்டில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர் ஜனங்கள் பட்ட வேதனையும் உண்டு. தமக்குப் பிடிக்காதவர்களைப் பற்றிய புகாரும் தாராளமாக உண்டு!

மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் எழுதிய தமிழ் பண்டிதர் தமிழ் அல்ல, பேச்சுத் தமிழ். பிரெஞ்சுச் சொல்லும் பார்சிச் சொல்லும் கலந்த கடைவீதித் தமிழ். 'நமக்கு இலக்கணம் தெரியாதே, நாம் எழுதலாமா?' என்று அவர் தயங்கி நின்றிருந்தால், 18-ஆம் நூற்றாண்டுத் தமிழர் எப்படிப் பேசினார்கள், எப்படி வியாபாரம் செய்தார்கள் என்பதில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அந்தப் புத்தகங்கள் அவர் வீட்டிலேயே கிடந்தன. 85 ஆண்டுகள் கழித்து, 1846-ல், கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். பிறகு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. தமிழன் தமிழில் எழுதியது தமிழில் அச்சேற 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் சொத்தின் மதிப்பு நமக்குக் கடைசியில்தான் தெரிகிறது!

இங்கிலாந்திலும் இப்படி ஒருவர் இருந்தார். சாமுவேல் பெப்பீஸ் என்று பெயர்; கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம். 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். 1666-ல் லண்டன் நகரம் தீப்பற்றி எரிந்ததை நேரில் பார்த்து எழுதியவர் அவர். விஞ்ஞானிகளின் ராயல் சங்கத்துக்குத் தலைவராகவும் பின்னாளில் இருந்தார். நியூட்டனின் புகழ்பெற்ற நூல் 1687-ல் அச்சானபோது அனுமதி தந்தவர் என்று அவர் பெயரே முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையை 'இந்தியாவின் பெப்பீஸ்' என்று சொல்வதுண்டு.

மாணவர் எழுதிய பள்ளிக்கூடம்

துபாஷி தம் தொழிலை எழுதினார். தம் படிப்பை எழுதி வைத்த தமிழர் உ. வே. சாமிநாதையர். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1887-ல் சீவக சிந்தாமணியையும் அடுத்தடுத்துப் பல நூல்களையும் அச்சில் ஏற்றித் தந்த தமிழ்த் தாத்தா அவர்தாம். 85 வயதை நெருங்கும்போது, 1940-ல், 'என் சரித்திரம்' என்று தம் வாழ்க்கையை 'ஆனந்த விகட'னில் வாராவாரம் எழுதத் தொடங்கினார். 1942-ல் அவர் காலமாகும் வரை அது வெளிவந்தது.

தமிழ் படிக்க வேண்டும் என்று ஓர் ஏழைப் பையன் எத்தனை ஊர் சுற்றினான், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் எப்படிப் பாடம் கேட்டான், அவ்வளவு பெரிய ஆசிரியரும் பணக் கஷ்டத்தில் எப்படி உழன்றார் என்பதையெல்லாம் அதில் காணலாம். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்த கதையும் உண்டு. கல்லூரிப் பதிவேட்டில் வேலைக்குச் சேர்ந்த தேதியும் சம்பளமும் இருக்கலாம். பாடம் கேட்டவனின் பசியும் பயமும் பதிவேட்டில் இருக்குமா? அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும்.

செக்ரோலில் ஒரு கோடு

இனி நம் ஊருக்கு வருவோம். புக்கிட் மெர்தாஜாம் இருக்கும் செபராங் பிறை வட்டாரத்துக்கு, 19-ஆம் நூற்றாண்டிலேயே கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது.

ரப்பரின் சரித்திரத்தைப் புத்தகத்தில் படித்தால், 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்ததும், 1888-ல் அங்குள்ள தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி துரை மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்ததும் இருக்கும். அவர் பெருமையை நாம் குறைக்கவில்லை. பரிசோதித்தார், எழுதினார், அதனால் நிலைத்தார். ஆனால் அந்த முறையைத் தினந்தோறும் லட்சக்கணக்கான மரங்களில் செய்து காட்டியவர் யார்? விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, நிரையில் இறங்கிய நம் தாத்தாவும் பாட்டியும்தான்.

பால்வெட்டு என்பது சாமானியமான வேலையா? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே குளிர்ச்சி இருக்கும்போதே வெட்ட வேண்டும். உளியை ஒரு மயிரிழை ஆழமாக இறக்கினால் மரம் காயப்படும், பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேலாக இழுத்தால் மங்கு நிறையாது. மழை பெய்து பட்டை நனைந்தால் அன்றைக்கு வேலையே இல்லை. இதெல்லாம் கைக்குத் தெரிந்த விஞ்ஞானம். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட உளியின் கூரை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அந்தப் பாட்டியைப் பற்றித் தோட்டத்து ஆபீஸில் இருந்தது என்ன? செக்ரோலில் ஒரு பேரும், வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடும், மாதக் கடைசியில் ஒரு தொகையும். கிராணி போட்ட கோடு அது. அவள் வந்தாள் என்று அது சொல்லும்; எப்படி வந்தாள் என்று சொல்லாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும், முதல் நாள் இரவு அரிசி இல்லை என்பதையும் அந்தக் கோடு சொல்லுமா?

சயாமுக்குப் போன ரயில்

பிறர் போட்ட கோட்டை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமுதாயத்தில் ஒரு கொடுமையான சாட்சி உண்டு. ஜப்பான்காரர் ஆட்சியில், 1942-க்கும் 1943-க்கும் இடையில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடப்பட்டது. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் பட்டினி தாண்டவமாடிய நேரம். நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டியும், பிறகு பலவந்தமாகப் பிடித்தும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ஏற்றிக்கொண்டு போனார்கள். தெற்கேயிருந்து சயாமுக்குப் போகும் மேற்குக்கரை ரயில்பாதை நம் புக்கிட் மெர்தாஜாம் வழியாகத்தான் வடக்கே போகிறது.

அங்கே இரண்டு விதமான மனிதர்கள் வேலை செய்தார்கள். ஒரு பக்கம் 60,000-க்கும் மேற்பட்ட ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். இன்னொரு பக்கம் அவர்களைப்போல் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். காலரா இரண்டு பக்கமும்தான் வந்தது. பசியும் அடியும் இரண்டு பக்கமும்தான்.

கைதிகளில் சிலர், பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும், ஒளித்து ஒளித்து எழுதினார்கள். எட்வர்ட் டன்லப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் அன்றாடம் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் இறந்தார்கள், மருந்தில்லாமல் எப்படிச் சமாளித்தோம் என்று குறித்து வைத்தார். 1986-ல் அது நூலாக வந்தது. இறந்த கைதிகள் 12,000-க்கு மேல் என்று கணக்கு உண்டு. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் ஆளுக்கொரு கல்லோடு உறங்குகிறார்கள்.

நம்மவர்களுக்கு? இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 இருக்கும் என்பது ஒரு மதிப்பீடு. ஒருவர் சொல்லும் கணக்குக்கும் இன்னொருவர் சொல்லும் கணக்குக்கும் பத்தாயிரக்கணக்கில் வித்தியாசம். பெயர்ப் பட்டியல் இல்லை, ஆளுக்கொரு கல்லும் இல்லை. அவர்களுக்குள் எழுத்தறிந்தவர் குறைவு. காகிதமும் பென்சிலும் ஏது? திரும்பி வந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் சொன்னார்கள், சொல்லி அழுதார்கள். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் வெளிவந்தது 1993-ல். பாதை முடிந்து சரியாக 50 ஆண்டுகள் கழித்து! அதற்குள் சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எழுதியவன் துன்பம் சரித்திரம் ஆனது. எழுதாதவன் துன்பம் மதிப்பீடாகவே நின்றுவிட்டது. இதைவிடப் பெரிய பாடம் வேறு வேண்டுமா?

இனி நாம்

இன்று நம் வட்டாரத்தில் ரப்பர் நிரைகள் பெரும்பாலும் இல்லை. செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது, தொழிற்சாலை வந்தது. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது முதல், மின்னணுத் தொழிற்சாலைகள் பினாங்கின் வாழ்க்கையையே மாற்றிவிட்டன. பாட்டி மங்கு கழுவினாள். அம்மா ஷிப்டு வேலைக்குப் பஸ் ஏறினாள். பேரப்பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மூன்று தலைமுறையில் மூன்று உலகம்! இந்த மாற்றத்தை உள்ளேயிருந்து பார்த்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு பயிற்சிப் புத்தகம் போதும். மாணவர்களே, பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் நாலு கேள்வி கேளுங்கள். எந்தத் தோட்டம்? எத்தனை மணிக்குப் பெரட்டு? முதல் சம்பளம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள்? சயாமுக்குப் போனவர் யாராவது நம் குடும்பத்தில் உண்டா, அவர் பெயர் என்ன? அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தேதியும் ஊர் பெயரும் மட்டும் தவறாமல் போடுங்கள்.

பெற்றோர்களே, நீங்களும் எழுதலாம். 'நம்ம பொழப்புல எழுத என்னா இருக்கு?' என்று சிலர் நினைப்பீர்கள். கப்பல் வந்ததையும் சரக்கு விலையையும் எழுதிய துபாஷியும், தம் நாளில் பெரிதாக ஒன்றுமில்லை என்று விட்டிருக்கலாம். மெஷினில் புதிதாக ஒன்று மாறினால் அதை எழுதுங்கள். மீன் விலை ஏறினால் அதை எழுதுங்கள். மேலாளரிடம் நியாயம் கேட்ட நாளை எழுதுங்கள். ஒரு நாளுக்கு நாலு வரி போதும்.

நம் பெயரைச் செக்ரோலில் பிறர் எழுதிய காலம் போகட்டும். நம் கதையை நம் கையால், நம் தமிழில் எழுதி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க எல்லோரும் முன்வருவோமாக.