அரக்கோணத்து இடி

உங்களில் எத்தனை பேருக்கு ரேஸ் கார் பைத்தியம்? எத்தனை பேர் ராக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிற ரகம்? பழைய போர்க்கப்பலை உடைக்கப் போகிறார்கள் என்று பேப்பரில் படித்தால் வயிற்றைப் பிசைகிற ஆசாமிகள் யார் யார்? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கோஷ்டிகள் போலத் தோன்றும். அதெல்லாம் இல்லை! வேகம், சத்தம், இரும்பு... மூன்றுமே ஒரே காய்ச்சல்தான். இந்த மூன்று கோஷ்டியும் சேர்ந்து கும்பிட வேண்டிய ஒரு ராட்சஸப் பிராணி நம்ம அரக்கோணத்தில் 25 வருஷம் குடியிருந்தது. பெயர், டுபோலெவ் 142.

'அரக்கோணமா? ரயில் ஜங்ஷனாச்சே! அந்தப் பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று தோல் தொழிற்சாலைகள்... கடற்படைக்கு அங்கே என்ன வேலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடல் அங்கிருந்து கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர்! ஆனால், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் வெள்ளைக்காரன் சென்னையைச் சுற்றி அவசர அவசரமாக விமானத் தளங்கள் போட்டான். அவற்றில் சோழவரமும் ஒன்று, அரக்கோணமும் ஒன்று. போர் முடிந்ததும் சோழவரம் ஓடுபாதையில் ரேஸ் கார்கள் சீறின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வரும்வரை தென்னிந்திய ரேஸ் ரசிகர்களுக்கு அதுதான் கோயில். அரக்கோணம் ஓடுபாதையோ தூங்கிக் கிடந்தது. அதை எழுப்பி, நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 1992 மார்ச் 11 அன்று 'ஐ.என்.எஸ். ராஜாளி' என்ற பெயரில் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் அப்போதைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன். தரையில் இருந்தாலும் கடற்படைக்கு அது 'கப்பல்'தான்!

அவ்வளவு நீள ஓடுபாதை எதற்கு? இங்கேதான் நம்ம ராட்சஸன் வருகிறான்.

ரேஸ் பிரியர்களே, முதலில் உங்களுக்கு. இன்றைய ஃபார்முலா ஒன் காரின் சக்தி சுமார் 1,000 குதிரைத்திறன். டுபோலெவின் ஒரே ஒரு இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட 15,000. அப்படி நான்கு! அதாவது, 60 ஃபார்முலா ஒன் கார்களை ஒரே இறக்கையில் கட்டியது மாதிரி. நம்ம பழைய மாருதி 800 கணக்கில் சொன்னால்... சுமார் 1,600 கார்கள். இத்தனைக்கும் இது ஜெட் கிடையாது, காற்றாடி விமானம். இருந்தாலும் மணிக்கு 900 கிலோமீட்டரைத் தாண்டும்!

அந்த இன்ஜினின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஜெர்மனி தோற்றபின், 1946-ல் ஆயிரக்கணக்கான ஜெர்மானிய நிபுணர்களைக் குடும்பத்தோடு ரயிலேற்றித் தன் நாட்டுக்கு அள்ளிக்கொண்டு போனது சோவியத் யூனியன். குய்பிஷெவ் நகரில் குஸ்னெட்சோவ் என்ற ரஷ்யரின் தலைமையில், ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்கிற ஆஸ்திரியாக்காரரும் அவருடைய சகாக்களும் உழைத்து உருவாக்கியதுதான் அது. அத்தனை சக்தியை ஒரு காற்றாடி தாங்காது. ஆகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் இரண்டு காற்றாடி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். அவற்றின் நுனிகள் ஒலியைவிட வேகமாகக் காற்றைக் கிழிக்கும்.

ராக் ரசிகர்களே, இப்போது உங்கள் முறை. உலகிலேயே அதிக சத்தம் போடும் இசைக்குழு என்று 'டீப் பர்ப்பிள்' குழுவை கின்னஸ் புத்தகம் ஒரு காலத்தில் பதிவு செய்தது. 1972-ல் லண்டனில் அவர்கள் எழுப்பியது 117 டெசிபல். அந்த விஷயத்தில் டுபோலெவும் சளைத்ததில்லை. அது தலைக்குமேல் போனால், தண்ணீருக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக்குக்கூடக் கேட்கும் என்று மாலுமிகள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு!

வேடிக்கை என்ன தெரியுமா? இத்தனை கூச்சல் போடும் பிராணியின் உத்தியோகமே, காது கொடுத்துக் கேட்பதுதான்! கடலில் சின்னச்சின்ன மிதவைகளைத் தூவிக்கொண்டே போகும். ஒவ்வொன்றிலும் ஒரு மைக். ஆழத்தில் எங்கோ ஒரு நீர்மூழ்கியின் இன்ஜின் முணுமுணுத்தால், மிதவை அதை ரேடியோவில் மேலே அனுப்பும். விமானத்துக்குள் ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

இதற்கா இவ்வளவு பெரிய விமானம் என்று அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். 1971-க்குப் போவோம். பாகிஸ்தானின் 'காஜி' என்ற நீர்மூழ்கி, நம் விமானம்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்'தை மூழ்கடிக்க இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவரை வந்துவிட்டது. கரையிலிருந்து நெடுந்தூரம் பறந்து தேடும் விமானம் ஒன்றுகூட அப்போது நம் கடற்படைக்குச் சொந்தமாகக் கிடையாது. அந்த வேலை விமானப் படையின் பொறுப்பில் இருந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, 'ராஜ்புத்' என்ற பழைய கப்பலை விட்டு 'நான்தான் விக்ராந்த்' என்று பொய்ச் செய்தி அனுப்பித்தான் சமாளித்தார்கள். டிசம்பர் 3 நள்ளிரவு வாக்கில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எப்படி மூழ்கியது என்று இன்றும் இரு நாடுகளும் இரண்டு கதை சொல்கின்றன.

அப்படிப்பட்ட நாட்டுக்கு 1988-ல் எட்டு டுபோலெவ்கள் வந்து சேர்ந்தன. முதலில் கோவா, பிறகு அரக்கோணம். ஒரு தடவை எரிபொருள் நிரப்பினால் 12,000 கிலோமீட்டர் பறக்கும். அதே 1988-ல் மாலத்தீவுக் கலகம், 1999 கார்கில் சமயம், பிறகு கடற்கொள்ளையர் வேட்டை... எல்லாவற்றிலும் ஆஜர். 29 வருஷங்களில் 30,000 மணி நேரம் பறந்தும் ஒரு விபத்துகூடக் கிடையாது. 2017 மார்ச் 29 அன்று, ராஜாளியிலேயே பிரிவுபசாரம் நடந்தது. இப்போது அந்த வேலையைச் செய்வது அமெரிக்க பி-8ஐ விமானம். பயணிகள் விமானமான போயிங் 737-ன் தம்பி. கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால், சத்தம் போடத் தெரியாதவன்!

சரி, ஓய்வு பெற்ற இரும்பை என்ன செய்வது? இதில்தான் நமக்குச் சாமர்த்தியம் போதாது என்பேன். காஜி தேடிவந்த அந்த விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்றது. மும்பையில் கொஞ்சகாலம் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்கப் பணமில்லை என்று 2014-ல் உடைத்தார்கள். அதன் உலோகத்தில் கொஞ்சத்தை எடுத்து 2016-ல் பஜாஜ் ஒரு பைக் விட்டது! உப்புக்காற்றில் ஒரு பெரிய கப்பலைக் காப்பாற்ற யானை கட்டித் தீனி போடுகிற செலவு ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 2010-ல் ஓய்வு பெற்ற 'வாக்லி' நீர்மூழ்கியை மாமல்லபுரத்தில் நிறுத்தப்போவதாகச் சொன்னார்களே, அது என்ன அவ்வளவு பெரிசா? திட்டம் கரையேறவே இல்லை.

விசாகப்பட்டினத்துக்காரர்களோ காரியத்தில் இறங்கினார்கள். 'குர்சுரா' நீர்மூழ்கியை 2002-லேயே கடற்கரையில் ஏற்றி வைத்தவர்கள், நம்ம அரக்கோணத்து டுபோலெவ் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போய் 2017 டிசம்பரில் சாலைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் சத்தமில்லாமல் ஒளிந்தவன். மறுபக்கம் சத்தம் போட்டுக்கொண்டே தேடியவன். டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தைகள் இரண்டுக்குள்ளும் ஏறி இறங்குகிறார்கள்.

குண்டு போட்ட விமானத்துக்குச் சினிமா எடுப்பார்கள். காவல் காத்த விமானத்துக்கு? 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதுதானே அதன் சாதனை! 30,000 மணி நேரம் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் காட்ட, அந்த இரும்பை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அந்த இடி முழக்கத்தைக் கால் நூற்றாண்டு பொறுத்துக்கொண்ட அரக்கோணத்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள், அதற்குள் ஏறிப் பார்க்க ஆந்திரக் கடற்கரைக்கு ரயிலேற வேண்டியிருக்கிறது. நல்லவேளை, ஜங்ஷன் பக்கத்திலேயே இருக்கிறது!