பட்டா உள்ளவருக்கே பங்கு: நெய்வேலிச் சுரங்கமும் நிலமற்ற தலித்துகளும்

2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, என்.எல்.சி. இந்தியா நிறுவனத்தின் மண்ணள்ளும் இயந்திரங்கள் வளர்ந்து நின்ற நெல் வயல்களுக்குள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். பயிர் அழிக்கப்பட்ட காட்சி தமிழகத்தை உலுக்கியது. சென்னை உயர் நீதிமன்றம் வேதனை தெரிவித்து, அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அந்த இழப்பீடு ஏக்கர் கணக்கில் அளக்கப்பட்டது. அதே வயலில் நாற்று நட்டவருக்கும், களை பறித்தவருக்கும், அறுவடைக் கூலியை எதிர்பார்த்திருந்தவருக்கும் ஏக்கர் இல்லை. எனவே கணக்கும் இல்லை. கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் பட்டியல் சாதியினர் சாகுபடி செய்யும் நிலப்பரப்போ மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுரங்கத்துக்கு அரசு தரும் சலுகையும், சுரங்கத்தால் இழந்தோருக்கு அரசு தரும் ஈடும் பட்டா என்ற ஒரே வாய்க்காலில் ஓடுகின்றன. அந்த வாய்க்கால் சேரிப் பக்கம் திரும்பாதது தற்செயலன்று. அதன் வரலாற்றையும் சட்ட வடிவத்தையும் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

பரங்கிப்பேட்டை இரும்பும் கோவைப் பருத்தியும்

தொழிலுக்கு அரசுச் சலுகை என்பது விடுதலைக்குப் பின் தோன்றிய கொள்கை என்று கருதுவது பிழை. இன்றைய கடலூர் மாவட்டத்துக் கடற்கரையிலேயே அதற்குப் பழைய சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிக அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், பணியிலிருந்து விலகி, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலையை நிறுவினார். சேலத்துத் தாதுவைக் கொண்டு ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கம்பெனி அவருக்கு வழங்கியது; முன்பணம் கொடுத்தது; கரி சுடுவதற்குக் காட்டு மரங்களை வெட்டும் உரிமையும் தந்தது. ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. கைமாறி, 1860களில் ஓய்ந்தது. இழந்தது காடு.

நார்ப் பயிரிலும் அதே முறைதான். மான்செஸ்டர் ஆலைகளுக்கு நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டபோது, கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. 1840களில் கோவை வட்டாரச் சோதனைப் பண்ணைகளைத் தாவரவியலாளர் இராபர்ட் வைட் மேற்பார்வையிட்டார். விதை, பஞ்சு அரவை இயந்திரம், ஆலோசனை யாவும் அரசுச் செலவில் வந்தன. அவற்றைப் பெற்றுக்கொள்ள ஒரு தகுதி வேண்டும். நிலம் வைத்திருக்க வேண்டும்.

பின்வந்த சட்டங்கள் இத்தகுதியை எழுத்தில் உறுதி செய்தன. 1883-ஆம் ஆண்டு நில மேம்பாட்டுக் கடன் சட்டத்தின்படி கிணறு வெட்டக் கடன் பெற நிலமே ஈடு. 1922-ஆம் ஆண்டு மதராஸ் தொழில்களுக்கான அரசு உதவிச் சட்டம் ஈடாகச் சொத்துக் காட்டக்கூடியோருக்கே பயன்பட்டது. இவற்றில் எந்தச் சட்டமும் சாதியைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. விலக்கும் வேலையை நிலம் செய்து முடித்திருந்தது.

நிலம் இல்லாமற்போன கதை

ஹீத்தின் உலைக்கு முன்பணம் வழங்கப்பட்ட ஆண்டுகளில் தென்னார்க்காட்டின் வயல்களில் அடிமைமுறை சட்டப்படி செல்லுபடியாக இருந்தது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே அடிமைத்தனத்துக்கு நீதிமன்றங்கள் அளித்துவந்த ஏற்பை நீக்கியது. அடிமை என்ற சொல் போனது. படியாள் என்ற நிலை தொடர்ந்தது. விடுபட்டவருக்கு ஒரு குழி நிலமும் வழங்கப்படவில்லை.

தரிசு நிலத்துக்கு விண்ணப்பிக்கும் தர்க்காஸ்து முறையிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்கள் நிலம் பெறவிடாமல் ஊர்ச் சாதியினர் எவ்வாறு தடுக்கின்றனர் என்பதைத் தம் அறிக்கையில் விவரித்தார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. வழங்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பேசப்படுகிறது. அதில் பெரும்பகுதி கைமாறிப் போனதையும், மீட்கப் போராடியவர்கள் 1994-இல் துப்பாக்கிச் சூட்டில் பலியானதையும் காரணைப் போராட்டம் நினைவூட்டுகிறது.

நெய்வேலி போன்ற இடங்களில் பஞ்சமி நிலத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. கையகப்படுத்தப்பட்ட நிலம் "எல்லா வில்லங்கங்களிலிருந்தும் விடுபட்டதாக" அரசிடம் சேர்கிறது என்பது நிலமெடுப்புச் சட்டங்களின் பொது விதி. தனியார் ஆக்கிரமித்த பஞ்சமி நிலத்தை மீட்க வழக்காடலாம். அரசே எடுத்துச் சுரங்கமாக்கிவிட்டால் நிபந்தனையும் மண்ணோடு போகிறது.

பழுப்பு நிலக்கரியும் பொதுத்துறையும்

1930களின் நடுப்பகுதியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டது என்பது நெய்வேலியின் தொடக்கக் கதை. நிலவுடைமையாளர் பெயர் நிலைத்தது. மண்வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கப்பட்டது. 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல் மின்நிலையம் மின்சாரம் தந்தது.

இத்திட்டத்துக்கு அரசு தந்தது முதலீடு மட்டுமன்று. நிலத்தை எடுத்துக் கொடுக்கும் அதிகாரமே முதன்மைச் சலுகை. திறந்தவெளிச் சுரங்கம் தோண்டத் தோண்ட நகரும். நகர நகர ஊர்களை விழுங்கும். நிலக்கரிப் படுகைக்குக் கீழுள்ள ஊற்றுநீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் நீரை இறைக்க வேண்டும். சுற்றுக் கிராமங்களில் நிலத்தடி நீர் இறங்குகிறது என்பது உழவர்களின் நீண்டகால முறையீடு. நீர் இறங்கினால் கிணற்றுக்காரர் இன்னும் ஆழமாக இறைக்கலாம், அல்லது தரிசு போடலாம். தரிசு போட்ட நாளிலிருந்து கூலிக்காரருக்கு வேலை இல்லை. அவருக்கு அந்நாளில் இழப்பீட்டு அறிவிப்பும் வருவதில்லை.

சட்டம் எண்ண மறுத்தவர்கள்

1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை கோருவோரை மட்டுமே கண்டது. ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழக அரசு கொண்டுவந்த தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம், 1997, அந்தப் பார்வையை மாற்றவில்லை. 2001 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் வழியே நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கும் நிலம் எடுக்கப்பட்டது.

2013-ஆம் ஆண்டு மைய அரசின் நிலமெடுப்புச் சட்டத்தில் முதன்முறையாக ஒரு திறப்பு ஏற்பட்டது. "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்பதற்குள், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கு உழைத்து வாழ்ந்த வேளாண் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரதாரர்கள், கைவினைஞர்கள் அடங்குவர் என்று பிரிவு 3 கூறியது. நிலம் இழக்கும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு, எடுத்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இவற்றில் எது குறைவோ அந்த அளவு மாற்று நிலம் தர வேண்டும் என்று இரண்டாம் அட்டவணை கூறியது. யார் பாதிக்கப்படுகின்றனர் என்று வீடு வீடாக எண்ணிப் பொது விசாரணை நடத்தும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று.

திறந்த கதவைத் தமிழக அரசு 2014-இல் பிரிவு 105-அ என்ற திருத்தத்தால் மூடியது. மூன்று மாநிலச் சட்டங்களுக்கு 2013 சட்டம் பொருந்தாது என்றது அத்திருத்தம். அவை தொழில் நோக்கச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம், 1978-ஆம் ஆண்டு அரிசன நலத் திட்டங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம். சேரி மக்களுக்கு வீட்டுமனை எடுப்பதற்கான சட்டமும் சுரங்கத்துக்கும் சாலைக்கும் நிலம் எடுக்கும் சட்டங்களும் ஒரே பட்டியலில் சேர்க்கப்பட்டன. இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்குமான அட்டவணைகளை மட்டும் பொருத்தலாம் என்றும், சமூகத் தாக்க மதிப்பீடு தேவையில்லை என்றும் ஆயிற்று.

2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விலக்கைச் செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசு மூன்று சட்டங்களுக்கும் முன்தேதியிட்டு உயிர் கொடுக்கும் புதிய சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மைய அரசும் சளைத்ததன்று. 2013 சட்டத்தின் நான்காம் அட்டவணை விலக்களித்த சட்டங்களில் 1885-ஆம் ஆண்டின் காலனியச் சுரங்க நிலமெடுப்புச் சட்டமும், 1957-ஆம் ஆண்டு நிலக்கரிப் பகுதிகள் சட்டமும் உள்ளன.

இதன் விளைவு நுட்பமானது. நிலமற்ற கூலிக் குடும்பத்துக்கு மறுவாழ்வு உரிமை தாளில் இருக்கலாம். அக்குடும்பத்தைக் கண்டறிந்து பெயர் எழுதும் கருவியாகிய மதிப்பீடு நீக்கப்பட்டுவிட்டது. பட்டாதாரரின் பெயர் வருவாய்ப் பதிவேட்டில் இருக்கிறது; கூலிக்காரர் பெயர் எதிலும் இல்லை.

வேலை என்னும் ஈடு

நிலம் போனால் வேலை வரும் என்பதே நெய்வேலியின் பழைய வாக்குறுதி. பொதுத்துறை என்பதால் நிரந்தரப் பணியிடங்களில் இடஒதுக்கீடு உண்டு; அதன் வழியே நகரியத்தின் குடியிருப்புகளுக்குள் நுழைந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த தலித் குடும்பங்கள் உண்டு. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடலாகாது. பங்கு விற்பனையைத் தலித் இயக்கங்கள் எதிர்க்க வேண்டிய காரணமும் இதுவே: தனியார்மயமானால் அரசமைப்பின் பிரிவு 16(4) அங்கே பேசாது.

ஆனால் தனியார்மயம் வாசல் வழியே வருமுன் ஒப்பந்தமுறை கொல்லை வழியே வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் அமர்த்தும் பணிக்கு இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் கிடையாது. 2001-இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. 2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாட்களில் இரண்டாம் அனல் மின்நிலையக் கொதிகலன் விபத்துகளில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களுள் அடங்குவர். பணி நிரந்தரம் கோரும் ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டம் நெய்வேலியில் தலைமுறை கடந்து நடக்கிறது.

டன் கணக்கில் ஒரு பங்கு

சலுகைகளின் காலம் முடியவில்லை. 2024 ஜனவரியில் மைய அமைச்சரவை நிலக்கரி, பழுப்பு நிலக்கரி வாயுவாக்கத் திட்டங்களுக்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை ஏற்றது. அதில் 4,050 கோடி பொதுத்துறை நிறுவனங்களுக்கானது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து மெத்தனால் எடுக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டுள்ளது. ஊக்கத்தொகை முதலீட்டைக் கொண்டு அளக்கப்படுகிறது. அத்திட்டத்தால் யாருக்கு எவ்வளவு வேலை என்பது அதன் அளவுகோல் அன்று.

வேறு அளவுகோல் சாத்தியம் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. வைசிராய் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களைப் பார்வையிட்டார். 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் வந்தது. அனுப்பப்படும் ஒவ்வொரு டன் நிலக்கரி மீதும் தீர்வை விதித்து, அதைத் தொழிலாளரின் குடியிருப்பு, குடிநீர், மருத்துவத்துக்குச் செலவிடும் ஏற்பாடு அது. அந்நிதியில் பங்குபெறப் பட்டா தேவையில்லை, உழைத்தால் போதும்.

இன்று அதற்கு நெருங்கிய வடிவம் மாவட்டக் கனிம அறக்கட்டளை. 2015-ஆம் ஆண்டு கனிமச் சட்டத் திருத்தம் இதை உருவாக்கியது. 2015 ஜனவரி 12-க்கு முன் வழங்கப்பட்ட சுரங்கக் குத்தகைகளில் உரிமத்தொகையில் 30 விழுக்காடும், பின்னர் வழங்கப்பட்டவற்றில் 10 விழுக்காடும் இவ்வறக்கட்டளைக்குச் சேர வேண்டும். பழுப்பு நிலக்கரிக்கான உரிமத்தொகை 6 விழுக்காடு. இந்நிதியைச் செலவிடும் பிரதமர் கனிமப் பகுதி நலத் திட்டத்தின் வழிகாட்டுதல்கள் 2013 சட்டத்தின் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற விளக்கத்தையே எடுத்தாள்கின்றன. நிலமெடுப்பில் தமிழக அரசு மூடிய கதவு இங்கே திறந்தே இருக்கிறது.

எனவே களத்தில் உள்ளோர் கேட்க வேண்டியவை தெளிவானவை. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் நிலமற்ற குடும்பங்கள் எத்தனை. கிராம சபை அப்பட்டியலைக் கண்டதா? எடுக்கப்பட்ட புல எண்களில் பஞ்சமி நிலமும் நிபந்தனைப் பட்டாவும் எவ்வளவு என்பதைப் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டோடும் 'அ' பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்றா? நிலம் இழந்த பட்டியல் சாதியினருக்கு மாற்று நிலம் ஓர் ஏக்கராவது தரப்பட்டதா? கனிம அறக்கட்டளை நிதியில் காலனிகளுக்குச் சென்றது எவ்வளவு? ஒப்பந்தத் தொழிலாளரின் சமூகப் பிரிவுவாரிக் கணக்கு எங்கே? இவை அனைத்தும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கத்தக்கவை. கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் நான்கு கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, சட்டம் எடுக்க மறுத்த அந்தக் கணக்கைத் தாங்களே எடுக்க முடியும்.

நிலத்துக்கு உரிய விலை கேட்கும் உழவர் போராட்டம் நியாயமானது. அதில் நிலமற்றவரின் கோரிக்கையும் எழுதப்பட வேண்டும். எழுதப்படாவிடில், இழப்பீடு உயர உயர ஊருக்கும் சேரிக்கும் இடையிலான தொலைவும் உயரும்.