பாஸ்வேர்டு சரிதான், மணி சரியா?

ஆபீஸில் டீம்ஸ் லாகின் ஆகவில்லை என்றால் எல்லோரும் பாஸ்வேர்டைத்தான் சந்தேகப்படுவார்கள். ஐடி சப்போர்ட்டில் இருக்கும் நான் ஸ்கிரீனின் வலது மூலையில் இருக்கும் மணியைப் பார்ப்பேன். எர்ரர் கோடு 20003 என்று முடிந்தால், தேதியையும் மணியையும் சரிபார்க்கும்படி மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கடிகாரத்துக்கும் லாகினுக்கும் ஏற்பட்ட இந்தச் சம்பந்தம் பழையது.

ஆரம்பத்தில் பாஸ்வேர்டு மட்டும்தான். 1961-ல் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ள சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பைச் செய்துகாட்டியது. எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரே ஃபைலில், அப்படியே வாசிக்கும்படி கிடந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேர ஒதுக்கீடு பற்றாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், 1962-ல் அந்த ஃபைலையே பிரிண்ட் எடுத்துவிட்டார். 1966-ல் அதைவிடக் கூத்து. அன்றைய அறிவிப்பு ஃபைலும் பாஸ்வேர்டு ஃபைலும் இடம் மாறிப்போக, லாகின் செய்தவர்களுக்கெல்லாம் ஊரார் பாஸ்வேர்டு வரிசையாக அடித்து வந்தது.

கடிகாரம் உள்ளே வந்தது அதே எம்ஐடியில், 1983-ல் தொடங்கிய அதீனா திட்டத்தில். வளாகம் முழுக்க கம்ப்யூட்டர். வயரில் போவதை யாரும் ஒட்டுக்கேட்கலாம். அதற்காகப் பிறந்த கெர்பரோஸ் என்ற லாகின் முறை, பாஸ்வேர்டை வயரில் அனுப்பாது. பஸ் பாஸ் மாதிரி, காலக்கெடு போட்ட டிக்கெட் ஒன்றைக் கொடுக்கும். திருடியதை அப்புறம் யாரும் நீட்டிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு கோரிக்கையிலும் நேர முத்திரை இருக்கும். இரண்டு பக்கக் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால், பொதுவாகக் கதவு திறக்காது. விண்டோஸ் 2000 இதையே எடுத்துக்கொண்டது. டீம்ஸில் இன்று டிக்கெட்டுக்குப் பதில் டோக்கன்; காலக்கெடு மட்டும் போகவில்லை.

"மணி சரியாத்தானே சார் காட்டுது?" என்பார்கள். காட்டும். புது லேப்டாப்பில் டைம் ஸோன் அமெரிக்க பசிபிக்கில் இருந்திருக்கும். மணி தப்பாகத் தெரிகிறதே என்று முள்ளை மட்டும் கையால் நம்மூர் நேரத்துக்குத் திருப்பியிருப்பார்கள். சர்வர் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. அந்தக் கணக்கில் லேப்டாப் பாதி நாளுக்கு மேல் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். பழைய டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இது தெரியாமல் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்து, கடைசியில் அக்கவுண்ட்டையே லாக் பண்ணிக்கொண்டு வருவார்கள். பாவம்தான்.

காலக்கெடு விஷயத்தில் பெரிய இடமும் தப்பவில்லை. 2020 பிப்ரவரி 3 அன்று டீம்ஸே சில மணி நேரம் படுத்தது. காரணம், புதுப்பிக்காமல் விட்டுக் காலாவதியான ஒரு சான்றிதழ்.

ஆகவே, பாஸ்வேர்டை மாற்றும் முன் செட்டிங்ஸில் நேரம், டைம் ஸோன் இரண்டையும் ஆட்டோமேட்டிக்கில் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எங்களுக்கு டிக்கெட் போடுங்கள்.