பாறையைப் பிடித்து நடந்த பாதை: பொத்துவிலுக்குத் தெற்கே நமது கரை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று வரும் ஏ4 பெருந்தெரு, பொத்துவிலைத் தொட்டதும் வடக்கே திரும்பி மட்டக்களப்புக்குப் போய்விடுகிறது. நம்முடைய பார்வையும் அந்தத் தெருவோடு சேர்ந்தே திரும்பிப் பழகிவிட்டது. சம்பந்தம் பேசப் போவது, பெருநாள் உடுப்பு வாங்கப் போவது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது எல்லாம் அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம்தான். தெற்கே என்ன இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால், "உல்லையில் வெள்ளைக்காரர் சேர்ஃபிங், அதற்கங்கால காடு" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் "காடு" ஒரு காலத்தில் தெருவாக இருந்தது. அறுகம்பை, பாணமை, உகந்தை, குமண, கும்புக்கன் ஆறு, யால, கிரிந்தை என்று கரையோரமாகவே மனிதர்கள் நடந்தார்கள். தாரும் கல்லும் போடாத தெரு. அதன் அடையாளங்கள் பாறைகள், அதன் தங்குமிடங்களும் பாறைகள். காரணம் எளியது. பாறை இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.

இந்தப் பாறைகளைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். உல்லையைத் தாண்டிப் பாணமை வீதியில் போகும்போது கடல் பக்கமாக யானைப்பாறை தெரியும். யானை தண்ணீரில் படுத்துக் கிடப்பது போன்ற முதுகு. இன்னும் தெற்கே முதலைப்பாறை. பிறகு பாணமையிலும் உகந்தையிலும் குமணயிலும் சமதரைக்கு நடுவில் திடீரென்று எழும்பி நிற்கும் மொட்டைக் குன்றுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைத்தது போன்ற உருண்டைக் கற்கள். யாரும் ஏற்றி வைக்கவில்லை. க.பொ.த. சாதாரண தரப் புவியியலில் நாம் மனனம் செய்த விஜயன் தொகுதி இதுதான். நைஸ் வகைப் பாறை, வயது சுமார் 100 கோடி ஆண்டுகள். இந்தியாவும் ஆபிரிக்காவும் அந்தாட்டிக்காவும் ஒட்டிக்கொண்டிருந்த கொண்டுவானாக் கண்டத்தின் ஒரு துண்டின் மேல்தான் நாம் பாய் விரித்துப் படுக்கிறோம்.

இந்தப் பாறையில் வெடிப்புகள் இருக்கும். மழைநீர் அந்த வெடிப்பு வழியே இறங்கி, மண்ணுக்கடியிலேயே பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உக்க வைக்கும். உக்கிய மண்ணை மழை கழுவிக்கொண்டு போன பிறகு, உக்காத நடுப்பகுதி உருண்டையாக வெளியே தெரியும். வெயிலில் சூடேறி, இரவில் குளிர்ந்து, பாறையின் மேல்தோல் வெங்காயச் சருகு போலக் கழன்று விழும். எங்காவது ஒரு சிறு பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் அந்த இடம் மட்டும் மேலும் உக்கும். பள்ளம் சுனையாகும். கடலோரப் பாறையில் இன்னொரு வேலைக்காரனும் சேர்கிறான்: உப்பு. அலைத்துளி காயும்போது உப்பு மணிகள் பாறையின் பொருக்குகளைப் பெயர்த்துவிடும். தேன்கூடு போல ஓட்டை விழுந்த பாறைகளைக் கண்டிருப்பீர்கள், அது இந்த வேலைதான்.

நமது கரைக்கு மழை கார்த்திகை, மார்கழி, தை. சித்திரைக்குப் பிறகு வானம் கைவிட்டுவிடும். ஆடியில் வில்லுகள் வெடித்துக் கிடக்கும், ஆறுகள் மணலுக்குள் ஒளிந்துவிடும். அப்போதும் குன்றுகளின் மேலுள்ள சுனைகளில் தண்ணீர் நிற்கும். கரடிக்கும் சிறுத்தைக்கும் மரைக்கும் அது தெரியும். மனிதனுக்கும் தெரிந்திருந்தது.

முதலில் தெரிந்துகொண்டவர்கள் யார் என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை, கல்லே சொல்கிறது. பாணமைக்கும் உகந்தைக்கும் இடையில் கூடும்பிகல என்ற பாறைக்காடு இருக்கிறது. அங்குள்ள குகைகளில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பௌத்த துறவிகள் வாழ்ந்திருக்கிறார்கள். குகையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். பாறை வழியே ஓடிவரும் மழைநீர் அந்த விளிம்பில் வந்து சொட்டி வெளியே விழும், குகைக்குள் வராது. அந்த விளிம்புக்குக் கீழே பிராமி எழுத்து. ஒரு உளிக்கோட்டால் மழையை மறித்த கெட்டித்தனத்தை நமது பொறியியல் படிக்கும் பிள்ளைகள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

பாணமையிலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தெற்கே உகந்தை மலை. கடலை ஒட்டியே பாறை, பாறையடியில் முருகன் கோயில், மேலே வள்ளியம்மன் மலையில் சிறிதும் பெரிதுமாகப் பல சுனைகள். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்பது இந்துச் சகோதரர்களின் ஐதீகம். ஒவ்வொரு வருடமும் "காட்டுப்பாதை திறப்பு" என்று செய்தி வருகிறதே, அந்தப் பாதை உகந்தையில்தான் தொடங்குகிறது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்டு, கிழக்குக் கரை முழுக்க நடந்து, நமது ஊரையும் கடந்து வரும் அடியார்கள், உகந்தையிலிருந்து குமண, யால வழியாகக் கதிர்காமம் போகிறார்கள். அவர்கள் நடப்பது வரட்சி உச்சத்தில் இருக்கும் நாட்களில். பாலைப்பழம் பழுக்கும் காலமும் அதுதான், அதைத் தேடிக் கரடிகள் மரமேறும் காலமும் அதுதான். அப்படிப்பட்ட நாட்களில் இந்தப் பாதை ஏன் இந்த வழியாகப் போகிறது என்று வரைபடத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு சுனையிலிருந்து அடுத்த ஆறு, அந்த ஆற்றிலிருந்து அடுத்த பாறை.

கதிர்காமத்தில் பள்ளிவாசலும் பால்குடி பாவாவின் ஸியாரமும் இருப்பதும், கிள்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்களோடு அந்த இடத்தை நமது முன்னோர் சேர்த்துப் பேசியதும் பலருக்குத் தெரியும். ஸியாரம் பற்றிய மார்க்க விவாதத்துக்குள் நாங்கள் இங்கே போகவில்லை. தண்ணீரோடும் பயணத்தோடும் நினைக்கப்படும் ஒருவரின் பெயர் இப்படியொரு காட்டுப் பாதையின் முடிவில் வந்து நிற்பதை மட்டும் கவனித்தோம்.

இனி நம்முடைய பங்கு. போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரை 1626 அளவில் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றிய செய்தியை நாம் மேடைக்கு மேடை சொல்கிறோம். எங்கே குடியேறினோம் என்று சொல்கிறோம். எதைச் செய்து பிழைத்தோம் என்று சொல்வதில்லை. வயல் ஒன்று. மற்றொன்று தவளம். மாட்டின் முதுகில் பொதி போட்டு, கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி வெல்லஸ்ஸைக்கும் ஊவாவுக்கும் கொண்டு போய், பாக்கும் மிளகும் ஏற்றி வருவது. மலைநாட்டில் உப்பு விளையாது. கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்று மடிகே என்ற தனிப் பகுதியே இருந்தது, அதில் முஸ்லிம்கள் நிறைய இருந்தார்கள். தவளம் போகிறவனுக்கு வழியில் வேண்டியது இரண்டே இரண்டு: மாட்டுக்குத் தண்ணீர், இரவுக்குப் பாதுகாப்பான இடம். இரண்டையும் தந்தது பாறையடி.

1817இல் ஆங்கிலேயர் ஹாஜி மரிக்கார் என்பவரை வெல்லஸ்ஸை முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தார்கள். கண்டிப் பிரதானிகள் அதைத் தங்கள் அதிகாரத்தில் கை வைத்ததாகப் பார்த்தார்கள். ஊவா - வெல்லஸ்ஸைக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களில் ஒன்றாக அதைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இதைப் படிப்பிக்கும்போது நம்மவர் சிலர் நெளிவதைக் கண்டிருக்கிறோம். நெளியத் தேவையில்லை. அந்த வரியை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம்: தனி முகாந்திரம் வைக்கும் அளவுக்கு வெல்லஸ்ஸைக் காடுகளில் நம்மவர் வாழ்ந்திருக்கிறார்கள், நடந்திருக்கிறார்கள். கிளர்ச்சியை நசுக்க வெல்லஸ்ஸையின் வீடுகளும் வயல்களும் எரிக்கப்பட்டபோது, தப்பி ஓடி வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் குமணக் கிராமத்தார் என்பது அங்கு வழங்கும் கதை. அகதிக்கும் அதே கரைதான் கிடைத்தது.

குமணக் கிராமம் இப்போது இல்லை, பறவைகள் இருக்கின்றன. கும்புக்கன் ஆற்றுக்குப் பக்கத்தில் சுமார் 200 ஹெக்டெயர் சதுப்பு நிலம், குமண வில்லு. ஆற்றோரம் நிறைந்து நிற்கும் மருத மரத்துக்குச் சிங்களத்தில் கும்புக், ஆற்றின் பெயர் அதிலிருந்துதான். 1938இல் வில்லுப் பகுதி பறவைகள் சரணாலயமானது. 1970இல் யால கிழக்கு தேசியப் பூங்கா. 1985 முதல் 2003 வரை போரால் மூடிக் கிடந்தது. 2006இல் குமண என்ற பெயரையே திரும்பப் பெற்றது. சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகொத்தி நாரை என்று ஒரே மரத்தில் நாலு வகைக் கூடு பார்க்கலாம். முதலைகளையும் பார்க்கலாம், தூரத்தில் நின்று. 2017இல் அறுகம்பைக்குத் தெற்கே களப்போரத்தில் ஒரு பிரித்தானிய இளைஞரை முதலை இழுத்துக்கொண்டு போனதை ஊரே அறியும். களப்பில் கை கழுவ இறங்கும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இதைச் சொல்லி வையுங்கள்.

கும்புக்கன் ஆற்றைத் தாண்டினால் யால. அங்கே பாறைகள் கரையோடு நிற்பதில்லை, கடலுக்குள்ளும் போகின்றன. கரைக்கு வெளியே இரண்டு கற்றொடர்கள். ஊர்க்கதையில் அவை இராவணன் கோட்டைகள், கப்பல்காரருக்குப் பெரிய பாசஸ், சிறிய பாசஸ். எத்தனையோ கப்பல்களை உடைத்த இடம். ஆங்கிலேயர் பெரியதில் 1873இலும் சிறியதில் 1878இலும் வெளிச்சவீடு கட்டினார்கள். பெரிய பாசஸுக்குக் கருங்கல் ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்தது. கல்லுக்குப் பஞ்சமே இல்லாத கரைக்குக் கல் கொண்டு வந்த அரசாங்கம்!

அந்தப் பெரிய பாசஸ் கல்லடியில் 1961இல் மைக் வில்சன் என்ற சுழியோடியும் இரண்டு சிறுவர்களும் வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். ஒட்டிக் கட்டிபட்டுக் கிடந்த அந்த நாணயங்கள் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ரூபாய்கள். சூரத்தில் அச்சடித்தவை, ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு. கிறிஸ்தவ ஆண்டில் 1701 - 1702. ஆதர் சி. கிளார்க் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சூரத் என்றால் அந்தக் காலத்து இந்திய ஹாஜிமார் கப்பலேறிய துறைமுகம். நமது பிள்ளைகளுக்கு ஹிஜ்ரி ஆண்டு என்றால் பள்ளிவாசல் கலண்டர்தான் ஞாபகம் வரும். அதே எண்ணைச் சுமந்த வெள்ளி, நமது தென்கரைக் கடலடியில் இரண்டரை நூற்றாண்டு கிடந்திருக்கிறது. அந்தக் கல்லுக்கு நேரே கரையில் கிரிந்தை, அங்கேயும் ஒரு பாறைக்குன்று. அதன் மேல் விகாரை, ஊருக்குள் மலாய் முஸ்லிம்கள்.

பாறை செய்யும் இன்னொரு வேலையையும் சொல்லாமல் விட முடியாது. கடலுக்குள் நீட்டி நிற்கும் ஒவ்வொரு பாறைமுனையும் தன் வடபக்கத்தில் ஒரு வளைந்த குடாவை உண்டாக்குகிறது. வைகாசி முதல் புரட்டாதி வரை தெற்கிலிருந்து வரும் பேரலை முனையில் மோதி, சுற்றி வளைந்து, ஒழுங்காக உடைந்து வருகிறது. சேர்ஃபிங்காரர் உலகத்தின் மறுகோடியிலிருந்து தேடி வருவது அந்த வளைவைத்தான். நமது மீனவர் தோணி கட்டியதும் அதே வளைவின் மறைவில்தான். முனைக்கும் முனைக்கும் நடுவில் காற்று மணல்மேடு கட்டி வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று உல்லையில் பாலம் உடைந்ததும் வீடுகள் போனதும் நம் கண்முன் நடந்தவை. அன்று யாலயில் ஒரு பாடம் இருந்தது. மணல்மேடு அப்படியே நின்ற இடங்களில் தண்ணீர் மறிபட்டது. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மேட்டை வெட்டித் தட்டையாக்கிய விடுதி ஒன்று அடியோடு போனது. இன்று நமது கரையில் மண் வெட்டுகிற, கபானா கட்டுகிற நம்மவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

இப்போது விசயத்துக்கு வருவோம். கிழக்கின் தொல்லிடங்களுக்கென 2020இல் அமைத்த ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிமோ ஒருவரும் இல்லை. அதற்கு நாம் கோபப்பட்டோம், அது நியாயமான கோபம். ஆனால் மேசையில் இடம் கிடைத்தால் எதை வைத்துப் பேசுவோம்? விகாரைக்குக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலுக்குப் பாதயாத்திரை இருக்கிறது. தவளக்காரன் கல்லில் எதுவும் வெட்டவில்லை. அவன் விட்டுப் போனது பெயர்கள்தான்: இந்தக் கல், அந்த மடு, இன்னாரின் முனை, மாடு கட்டிய மரம். அந்தப் பெயர்களுக்கு மேல் இப்போது பீனட் பாம், விஸ்கி பொயின்ட், எலிபன்ட் ரொக் என்று புதுப்பெயர் ஏறிவிட்டது. கூகுள் வரைபடத்தில் இருப்பதும் அவைதான். விருந்தாளிக்கு அது போதும். நமது பேரப்பிள்ளையும் அதைத்தான் சொல்கிறான் என்பதுதான் கவலை.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டில் எழுபது, எண்பது வயதில் மூத்தவாப்பா, மூத்தம்மா இருந்தால், காட்டுக்கு மாடு கொண்டு போனவர், தேனெடுக்கப் போனவர், பாணமைப் பக்கம் வலை போட்டவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். பொத்துவிலுக்குத் தெற்கே அவர் அறிந்த பாறை, மடு, ஓடை, முனை ஒவ்வொன்றின் பழைய பெயரையும் கேளுங்கள். பெயர், அது எங்கே இருக்கிறது, யார் சொன்னது. இந்த மூன்றும் இருந்தால் போதும். கொப்பித்தாளில் எழுதிப் பிள்ளையிடம் பாடசாலைக்குக் கொடுத்தனுப்பினாலும் சரி, குரல்பதிவாக அனுப்பினாலும் சரி. பெரிய வரைபடத் தாள் ஒன்றை ஆசிரியர் அறைச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது.