சான்றிதழின் இரண்டாவது வரி

1970களின் நடுப்பகுதி. கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் தங்கியிருந்து பத்திரிகைத் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். எங்கள் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்த அண்ணர் ஒருவர் வெள்ளவத்தையிலிருந்து வருவார். நீண்ட மருத்துவ விடுமுறையின் பின் திரும்பியவர், மருத்துவச் சான்றிதழை அலுவலகத்தில் கையளித்தார். அதில் இரண்டு வரிகள். முதலாவது, 'காசநோய்'. இரண்டாவது, 'குணமடைந்துள்ளார், வேலைக்குத் தகுதியுடையவர்'.

மதியத்துக்குள் முதலாவது வரி இயந்திரப் பகுதிவரை பரவிவிட்டது. இரண்டாவது வரியை எவரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் முதல் அவருக்கெனத் தனித் தேநீர்க் குவளை. இரண்டு மாதங்களில் அவர் வேலையைவிட்டு நின்றுகொண்டார். அந்தக் குவளையை நானும் தொட்டதில்லை என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன்.

நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை மருத்துவருக்குப் பண்டைய கிரேக்கக் காலந்தொட்டே உண்டு. தொழில்தருநருக்கு அக்கடமை மிகவும் பிந்தியே வந்தது. இலங்கையில் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம், நோயை அரசுக்கு அறிவிப்பதை வற்புறுத்தியது. பொதுச் சுகாதாரத்துக்கு அது அவசியமே. ஆனால், சுகாதார அதிகாரி அறிய வேண்டியதை முதலாளியும் அறியலாம் என்ற எண்ணம் எங்கள் அலுவலகங்களில் கேள்வியின்றி நிலைத்திருந்தது.

சர்வதேசத் தொழில் தாபனம் 1985இல் வெளியிட்ட 171ஆம் இலக்கப் பரிந்துரை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது. தொழில்சார் மருத்துவப் பரிசோதனையின் பின் முதலாளிக்குச் செல்லும் முடிவில் மருத்துவத் தகவல் எதுவும் இருத்தலாகாது. அவர் அந்த வேலைக்குத் தகுதியானவரா, எத்தகைய வேலை அவருக்கு ஒவ்வாது என்பவற்றைக் குறிப்பிட்டால் போதும். 2010இல் வந்த 200ஆம் இலக்கப் பரிந்துரை, எச்.ஐ.வி. நிலையை வெளிப்படுத்துமாறு தொழிலாளரை வற்புறுத்தலாகாது என்றது. பரிந்துரைகள் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவன அல்ல. எனினும் நெறி தெளிவாயிற்று.

இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஒருவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவரது மருத்துவப் பதிவுகள் வெளியாவதற்கு இடமளிக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் சேர்த்தது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. அந்தத் திகதி பின்னர் ஒத்திவைக்கப்பட்டது.

சட்டம் காத்திருக்கலாம், அலுவலகம் காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழை யார் வாங்குகிறார், எங்கே பூட்டி வைக்கிறார், யாரிடம் திறப்பு இருக்கிறது என்பவற்றை ஒரு நிருவாகம் ஒரே நாளில் ஒழுங்குபடுத்திவிடலாம்.

அன்று எங்கள் அலுவலகத்துக்கு உரியதாக இருந்தது அந்த இரண்டாவது வரி மட்டுமே. அதை மட்டும் வாசித்திருந்தால், அண்ணர் ஓய்வுபெறும் வயதுவரை எங்களோடு எழுத்துக் கோத்திருப்பார்.