கலப்பற்று முதல் கண்ணாடியிழை வரை



கடலோடிகளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மரக்கலங்கள் சென்ற திசைகளையும், அவை சுமந்த பொருள்களையும், அவற்றை ஏவிய வேந்தர்களையும் பற்றியே எழுதினர். அக்கலங்கள் கரை சேர்ந்தபின் அவற்றின் அடிப்புறத்திலே குனிந்திருந்து, கீறலையும் வெடிப்பையும் தேடி அடைத்தவர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் அவர்கள் இல்லையெனின் எந்தக் கலத்துக்கும் இரண்டாவது பயணம் இல்லை. அவர்தம் தொழிலின் கதையையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

இந்துமாக்கடலின் பழைய கலங்கள் பல ஆணி அறையாது தைக்கப்பட்டவை. கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் நூல் அத்தகைய கலங்களைக் குறிப்பிடுகின்றது. 13ஆம் நூற்றாண்டில் ஓர்மஸ் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, அங்குள்ள கப்பல்கள் தேங்காய் நாரில் திரித்த கயிற்றாற் பிணைக்கப்பட்டிருந்தன என்றும், அவற்றுக்குக் கீல் பூசாது மீனெண்ணெயே பூசினர் என்றும் எழுதிவைத்தார்.

ஆணி அறைந்து கட்டிய கலங்களிலோ பலகைக்கும் பலகைக்கும் இடையே பஞ்சையோ நாரையோ திணித்து, அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவர். இதற்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். இச்சொல் அராபியச் சொல்லொன்றோடு உறவுடையது. போர்த்துக்கேய மொழியிலும் அதன் உறவுச்சொல் உண்டு. ஒரே கடலிற் கலம் செலுத்தியோர் தொழிலை மாத்திரமன்றித் தொழிலின் சொல்லையும் பகிர்ந்துகொண்டனர் என்பதற்கு இதுவே சான்றாகும்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். வல்வை மாலுமிகள் செலுத்திய அக்கப்பல் அத்திலாந்திக் மாகடலைக் கடந்து, 1938ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தது. எமது ஓடாவிகளின் கைத்திறனுக்கு அதனினும் உயர்ந்த நற்சான்று வேண்டுவதில்லை.

வரலாறு சில வேளைகளில் இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துவிடுகின்றது. அதே 1938ஆம் ஆண்டில், அதே அமெரிக்க நாட்டில், கண்ணாடியை உருக்கி நூலாக்கும் தொழிலுக்கென ஓவன்ஸ் கோர்னிங் நிறுவனம் உருவாயிற்று. அந்நிறுவனம் அமைந்த டொலிடோ நகரைச் சேர்ந்த ரே கிறீன் என்பார் 1942இல் கண்ணாடியிழையையும் பொலியெஸ்டர் ரெசினையும் கொண்டு சிறுபடகொன்றைச் செய்தார். மரக்கலத்தின் பெரும் பயணமொன்று முடிந்த நாட்டிலே, மரத்தின் இடத்தைக் கைப்பற்றவிருந்த பொருள் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

சில பத்தாண்டுகளுக்குள் அது எமது கரைகளுக்கும் வந்து சேர்ந்தது. நோர்வே நாட்டினரின் உதவியோடு தோன்றிய சீநோர் நிறுவனம் காரைநகரிற் படகுத்தளம் அமைத்தது. கப்பற்புழு அரிக்காத, உக்காத, இலேசான அப்படகுகளைக் கண்ட மீனவர், 'இனிக் கலப்பற்று வேண்டியதில்லை' என மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அதனுள்ளே ஒரு மயக்கமும் இருந்தது.

மரம் நீரை உண்டு பருக்கும். பருத்துத் தன் சிறு இடைவெளிகளைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளும். கண்ணாடியிழைக்கு அக்குணம் இல்லை. அதன் வெளிப்புறத்தே ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சு உண்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் மாத்திரமே. கல்லில் உரசியோ நங்கூரம் இடித்தோ அப்பூச்சுக் கிழியுமாயின், உள்ளேயுள்ள இழைகளின் வழியே நீர் மெல்ல மெல்ல ஊர்ந்து செல்லும். நாளடைவில் படைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். வெளியே தெரிவது விரல் நகமளவு கீறல். உள்ளே கெடுவது கையகலம்.

நான் அதிபராகக் கடமையாற்றிய கரையோரப் பாடசாலையொன்றில், நன்கு படிக்கும் மாணவன் ஒருவன் சில வாரங்கள் வராதிருந்தான். விசாரித்து அவன் வீட்டுக்குச் சென்றேன். முந்திய பருவத்திற் கரையேற்றும்போது கல் கிழித்த சிறு குழிவொன்றுக்குத் தந்தையார் வெறும் வர்ணத்தைப் பூசி விட்டிருந்தார். இப்போது அடிப்புறத்தில் ஒரு பகுதியையே வெட்டி எடுத்துப் புதிதாய்ப் படையிட வேண்டியதாயிற்று. மீன்படும் காலத்திற் படகு கரையிற் கிடந்தது. பிள்ளை பிறருடைய வலையில் மீன் கழற்றும் கூலிக்குச் சென்றான். "ஐயா, அண்டைக்கு ஒருநாள் மினக்கெட்டிருந்தால் இண்டைக்கு இவ்வளவு வந்திராது" என்று அத்தந்தை கூறியதை நான் மறக்கவில்லை.

அன்று அவர் செய்திருக்கவேண்டியது பெரிய வித்தையன்று. காயத்தை நன்னீராற் கழுவி உப்பை நீக்கி, முற்றாக உலரவிடவேண்டும். நாணயத்தால் தட்டிப் பார்க்கவேண்டும். மண்பானையைப் போலவே, நல்ல இடம் கணீரென ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாய் ஒலிக்கும். கீறல் மேற்பூச்சோடு நின்றதாயின், அதனைச் சற்றே அகலத் திறந்து, அசெற்றோனால் துடைத்து, ஜெல்கோட் பசையால் நிரப்பலாம். காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு இறுகாது பிசுபிசுக்கும். ஆதலின் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுவர். இறுகியபின் நீர் தொட்டு அரத்தாளால் தேய்ப்பர். இழை அறுந்திருப்பின் பசை மாத்திரம் போதாது. படகின் தடிப்பு ஒரு பங்கெனின், ஏறத்தாழ 12 பங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, இழைப்பாயைப் படைபடையாய் இட்டு ரெசின் ஊட்டவேண்டும். ரெசினை இறுகச் செய்யும் திரவம் அதன் எடையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கே போதுமானது. அது கண்ணிற் பட்டாற் பார்வையையே கெடுக்கவல்லது என்பதையும் மறத்தலாகாது.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, எமது நாட்டின் மீன்பிடிக் கலங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்தன அல்லது சேதமுற்றன. புதிய படகு வரும்வரை காத்திருக்க இயலாத குடும்பங்களுக்கு, உடைந்த படகைத் திருத்தும் கையே அன்று சோறிட்ட கை.

பொருள் மாறியது, கடல் மாறவில்லை. குங்கிலியம் காய்ச்சிய காலத்தில் ஆண்டுதோறும் கலத்தைக் கரையேற்றிக் கவிழ்த்துக் கைதடவிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. புதிய பொருளை ஏற்ற நாம் அவ்வழக்கத்தையும் குங்கிலியத்தோடு கைவிட்டோம். அவ்வழக்கத்தை மீட்பதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கரையோரப் பாடசாலைகளிலே மாணவர் ஒருநாளேனும் கவிழ்ந்த படகொன்றைச் சுற்றிவந்து, அதன் காயங்களை எண்ணப் பழகுவார்களாயின், அதுவே நல்ல தொடக்கமாகும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நிலத்தவர்க்கு மாத்திரம் உரிய அறிவன்று.