மீனின் நீளமும் தூண்டில் ரீலும்

இங்கிலாந்தில் மீனை அளந்து பிடிக்கச் சொல்லிச் சட்டம் வந்தபோது அந்நாட்டுத் தூண்டிலில் ரீல் வழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. முதலாம் எலிசபெத் அரியணை ஏறியதும் கூடிய நாடாளுமன்றம், 1558-59இல், ஆற்று மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் விதித்தது. சால்மன் 16 அங்குலம், பார்பல் 12, பைக் 10, டிரவுட் 8. வலைக்கண் இரண்டரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மீன்குஞ்சுகளை வாரி வந்து பன்றிக்கும் நாய்க்கும் போடுகிறார்கள் என்று சட்டத்தின் முகப்புரையே குறைப்பட்டுக்கொள்கிறது. வலைக்கண் விதியிலிருந்து தூண்டிலுக்கு விலக்குத் தந்தார்கள். ஒரு கோல், ஒரு நூல், ஒரு முள்ளால் ஆறு வெறுமையாகிவிடாது என்பது அன்றைக்கு நியாயமான கணக்குதான்.

எடையை விட்டு நீளத்தை எடுத்துக்கொண்டதில் பட்டறிவு இருக்கிறது. ஒரே வயது மீன் இரை கிடைத்தால் கொழுக்கும், கிடைக்காவிட்டால் மெலியும். நீளம் அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது. கரையில் ஒரு குச்சியை வைத்தே அளந்துவிடலாம். எந்த நீளத்தில் ஓர் இனம் முதல்முறை முட்டையிடுகிறதோ, அதைத் தாண்டாத மீனைத் தொடக் கூடாது என்பதே இத்தகைய விதிகளின் அடிப்படை. வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பது மொத்த நீளம். சூரை போன்ற கடல்மீன்களுக்கு வாலின் கவைவரை அளப்பதும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் சட்டப்படியான மீனும் குற்றமாகிவிடும்.

ரீலின் கதை கிழக்கில் தொடங்குகிறது. சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைந்த ஓவியத்தில், குளிர்கால ஏரியில் படகில் குந்தியிருப்பவரின் கோலில் சிறு உருளை தெரிகிறது. இங்கிலாந்தில் தாமஸ் பார்க்கர் 1651இல் எழுதிய தூண்டில் நூல்தான் அதை முதலில் பதிவு செய்தது. கோலின் அடியிலிருந்து இரண்டடிக்குள் ஒரு துளை. அதில் நூலைச் சுற்றவும் விடவும் ஓர் உருளை. அதுவரை நூல் கோலின் நுனியிலேயே கட்டப்பட்டிருந்தது. பெரிய மீன் இழுத்தால் கோலையே ஆற்றில் எறிந்துவிட்டு, மீன் களைத்தபின் தேடி எடுப்பார்கள்.

அந்த உருளையில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உருளையும் ஒரு சுற்றுதான். ஈ போன்ற பொய்யிரையை வீசும் ஈத் தூண்டிலுக்கு இன்றும் இந்த எளிய வகையே போதும். அங்கே வீச்சுக்கு வேண்டிய எடை நூலிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியில், பாரிஸ் என்னும் சிற்றூரில் கடிகாரம் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், 1820 வாக்கில் கடிகாரப் பற்சக்கரங்களை ரீலுக்குள் வைத்தார். கைப்பிடி ஒருமுறை சுற்ற உருளை பலமுறை சுற்றியது. பாஸ் மீன் பிடிப்பவர்கள் கையிலுள்ள பெய்ட்காஸ்டிங் ரீல் அதன் வழிவந்தது. பருத்த நூலையும் கனத்த இரையையும் அது தாங்கும். ஆனால் வீசும்போது உருளையும் சுழல்வதால், கட்டைவிரலால் அடக்கத் தெரியாதவர் கையில் நூல் சிக்குண்டு தூக்கணாங்குருவிக் கூடாகிவிடும்.

அந்தச் சிக்கலை அவிழ்த்தது ஜவுளித் தொழில். தையல் நூற்கண்டை நிமிர்த்தி வைத்து நுனியை மேலே இழுத்தால், கண்டு சுழலாமலே நூல் கழன்று வரும். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து மல்லாக் 1884இல் வீசும் நேரத்தில் மட்டும் உருளையைப் பக்கவாட்டில் திருப்பும் ரீலைச் செய்தார்; ஆனால் அதில் நூல் முறுக்கிக்கொண்டது. பிராட்ஃபோர்டில் ஜவுளித் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், 1905இல் உருளையை அசையாமல் நிறுத்தி, நூலை அதைச் சுற்றிவரும் கொக்கியால் சுற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்பின்னிங் ரீல் பிறந்தது அதில்தான். மெல்லிய தங்கூசி நூலும் சிறு இரையும் கொண்டு பழகுபவர் முதலில் வாங்க வேண்டியது இதுவே. மூடிய முகப்புள்ள ரீலை அமெரிக்காவின் டல்சாவில், எண்ணெய்க் கிணற்றுக்கு வெடிபொருள் செய்துவந்த ஒரு நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது; சிறுவர்கள் பழக ஏற்றது.

ரீல் வகையையும் மீன் அளவையும் தனித்தனிச் சங்கதியாக நினைப்பது தவறு. அளவு விதி என்றால், குறைந்த மீனைத் திரும்ப நீரில் விட வேண்டும். விட்ட மீன் பிழைக்கவும் வேண்டும். பெரிய மீனுக்குச் சிறிய ரீல் வைத்தால் இழுபறி நீளும். நெடுநேரம் போராடிய மீனின் தசையில் அமிலம் சேர்ந்து, நீந்திப் போனதுபோல் தோன்றினாலும் பின்னர் செத்துவிடலாம். மீனின் எடைக்கேற்ற ரீலும், நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்கும் இருந்தால் மீன் விரைவில் கைக்கு வரும். ஈரக்கையால் பிடித்து, அளந்து, விட்டுவிடலாம்.

சிறியதை விட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பிறகு மாறியது. நியூ ஆர்லியன்ஸ் சமையற்கலைஞர் பால் புரூடோம் மசாலா தடவிக் கருக்கிய ரெட்ஃபிஷ்ஷைப் பிரபலமாக்க, 1980களில் அமெரிக்கா முழுவதும் அதற்குக் கிராக்கி ஏறியது. மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடும் பெருமீன் கூட்டங்களையே வலைகள் வளைத்தன. 1986இல் அரசு குறுக்கிட்டுத் தடுத்தது. ஃபுளோரிடாவில் இன்று 18 முதல் 27 அங்குலம்வரை உள்ள ரெட்ஃபிஷ்ஷை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டது முட்டை மிகுந்த தாய்மீன். அதையும் விட்டுவிட வேண்டும்.

இந்தியாவில் மதராஸ் மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், மகசீர் என்னும் ஆற்றுமீனைப் பிடிப்பது பற்றிய தமது நூலை 1873இல் வெளியிட்டார். அதன் பிறகு வந்த 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடுத்தது. வலையின் அளவை முறைப்படுத்த மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. கடல்மீனின் நீளத்துக்கே சட்டம் வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கேரளம் 2015இல் சில இனங்களுக்குத் தொடங்கி, 2017இல் அதை 58 இனங்களுக்கு விரித்தது. அங்கே மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ. இருந்தால்தான் பிடிக்கலாம்.